பாதியில் நிறுத்திய வாசல்

அத்தியாயம் ஐந்து

வாட்ஸப்பில் வந்த பதிவில் இளமதியின் குரல் சிரித்துச் சிரித்துப் பேசியது. கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் முதுகில் ஜில்லென்று இறங்கியது அந்தச் சிரிப்புதான்.

"கார்த்தி, நான் மெட்ராஸ்ல பிரெண்டு வூட்ல கீறேன்டா. ஒண்ணும் பயம் இல்ல. ரெண்டு நாள் கழிச்சி வரேன். கோர்ட்டுக்கெல்லாம் நான் வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடு. அப்பால... அந்தக் குருட்டுக் குதிரை கதை கீதே, திடீர்னு அது ஞாபகம் வந்துச்சி. நாம நிறுத்தின வாசல்லதான் நானும் நிறுத்தி வெச்சிகீறேன். மீதிய நீ படிச்சிடு. சீக்கிரம் படிச்சிடுடா."

கார்த்திக் போனை மேஜைமேல் வைத்தான். ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு முடித்து அப்படியே ஓடி வந்தவன். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது.

"எங்கக்கா இப்பிடி சிரிக்காது மேடம். பக்கத்துல யாரோ நின்னுக்கினு சிரிக்கச் சொல்லிகீறான்."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில், உரக்கடைக்கு மாடியில் இருக்கிறது கல்பனாவின் துப்பறியும் அலுவலகம். 'ரகசியம் காக்கப்படும்' என்று வெளியே பெரிய பலகை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, யார் மாடி ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்பனா முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவள். பொய்யைத் தினமும் கேட்டுக் காது தீட்டியவள். நாற்பத்தைந்து வயதில் அந்தக் காதை நம்பித் தனியாகக் கடை போட்டாள். அவளுடைய உதவியாளன் தௌஹீத். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு பழைய ஆம்னி வேனுக்கு ஓட்டுநர், நிறுத்தத் தெரியாத வாய்க்குச் சொந்தக்காரன்.

விஷயம் இதுதான். மூன்று மாசத்துக்கு முன் ஒரு மணல் லாரி வெங்கடேசன் என்ற கூலிக்காரரை சைக்கிளோடு அரைத்துவிட்டுப் போனது. லாரி, பஞ்சாட்சரம் என்கிற பிரமுகருடையது. ஓட்டியது சம்பளக்கார டிரைவர் அல்ல, லைசென்ஸ் இல்லாத அவருடைய மகன். அதைப் பார்த்த ஒரே ஆள், தையல் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த இளமதி. நாளைக்குக் கோர்ட்டில் அவள் சாட்சி. நேற்று மாலையிலிருந்து அவளைக் காணவில்லை. பஞ்சாட்சரத்தின் ரைஸ் மில், தோப்பு, தோப்புக்குள் இருந்த ஏசி வைத்த 'குடிசை' எல்லாவற்றையும் காலையிலேயே கல்பனா பார்த்துவிட்டாள். இல்லை. வரும் வழியில் கார்த்திக் ஸ்டேஷனில் இந்தக் குரலைப் போட்டுக் காட்டியதற்கு, "மேஜர் பொண்ணு, அவளே நல்லாகீறேன்னு சொல்றா, அப்பறம் இன்னா?" என்றார்கள்.

வெளியே மழை. கீழே ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு போனது: "பாலாறு, செய்யாறு கரையோரப் பொதுமக்களுக்கு... அணை திறக்கப்பட்டுள்ளதால்... யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்..."

"குருட்டுக் குதிரை கதை இன்னா கதை?" கல்பனா கேட்டாள்.

"பேர் தெரியாது மேடம். நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது அக்கா படிச்சிக் காட்டும். ஒரு பொண்ணு தன்னோட நெழல வித்துடும். அத்தத் தேடிக்கினு குருட்டுக் குதிரை மேல போவும். ஒரே கதைதான், ஆனா நெறைய பாகம். ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசல். வாசலுக்கு வாசல் ஒரு சாபம் எய்தி இருக்கும்."

"இன்னா சாபம்?"

கார்த்திக் குரலைத் தாழ்த்தினான். இருபத்திரண்டு வயசு ஆளின் முகத்தில் ஏழு வயசுப் பயம் அப்படியே வந்து உட்கார்ந்தது.

"'மடிப்பவன் விரல் மடங்கும். கிழிப்பவன் குடும்பம் கிழியும். திருப்பித் தராதவன் திரும்பி வரமாட்டான்.'"

தௌஹீத் தன் கையைத் தேய்த்துக்கொண்டான். "மேடம், முடியெல்லாம் நட்டுக்கினு நிக்குது பாருங்க. கொயந்தைக்குப் படிக்கற கதையா இது?"

"எந்த வாசல்ல நிறுத்துனீங்க?"

"ஏழாவது. ஆறு வாசல் கேட்டேன். ஏழாவது ஆரம்பிச்சதும் பயத்துல ஓன்னு அழுதுட்டேன். பெரியவனானப்பறம் படிச்சிக்கோன்னு அக்கா மூடி வெச்சிடுச்சி. அத்தோட சரி."

கல்பனா எழுந்து நின்றாள். "அவளுக்குத் தான் இருக்கற எடம் தெரியும். பக்கத்துல ஆள் நிக்கறதால வாயால சொல்ல முடியல. ஏழாவது வாசல் எப்பிடிப்பட்ட எடமோ, அப்பிடிப்பட்ட எடத்துல கீறா. அந்தக் கதை எதுன்னு தெரிஞ்சாவணும். இப்பவே."

பேர் மறந்துபோன புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தர வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. தமிழ்நாட்டில் எதற்குத்தான் குழு இல்லை? கல்பனா விவரத்தைப் போட்டாள். அவசரம், உயிர்ப் பிரச்சினை என்றும் போட்டாள். பதில்கள் மழையைவிட வேகமாக வந்தன.

ஒருவர், 'இது எதுவென்று தெரியவில்லை, ஆனால் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது' என்று ஒன்பது புத்தகம் சொன்னார். இன்னொருவர் தான் எழுதிய நாவலிலும் குதிரை வருகிறது என்றும், அஞ்சல் செலவு இலவசம் என்றும் தெரிவித்தார். நிழலை விற்பது மாயமா தத்துவமா என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஐந்து நிமிஷத்தில் இருவரும் திரும்ப வந்தார்கள். நடுவில் ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொன்னார். அப்போது மணி மதியம்.

"மேடம், எங்கக்கா..." என்றான் கார்த்திக்.

கடைசியில் யாரோ உருப்படியாக ஒரு எண் கொடுத்தார்கள். தினேஷ்குமார், நிறுவனர் மற்றும் தலைவர், மிகுபுனைவு ஆய்வு மன்றம், ஓரிக்கை. மன்றத்தில் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்பது பிற்பாடு தெரிந்தது.

"வணக்கம்," என்றது போனில் ஒரு கனத்த குரல். "மிகுபுனைவு என்பது யாதெனில்..."

"சார், ஒரு பொண்ணோட உயிர் சார்."

"உயிர் என்பதே ஒரு மிகுபுனைவுதானே அம்மா."

தௌஹீத் போனைப் பிடுங்கப் போனான். கல்பனா அவன் கையைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விவரத்தைச் சொன்னாள்.

"ஓ! அரவநாட்டு வரிசை! பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கிய ஏழு சிறுநூல்கள். எழுதியவர் யாரென்று எவரும் அறியார். நிழலை விற்ற நங்கை, குருட்டுப் புரவி... ஐயமே இல்லை."

"அந்தச் சாபம் சார்? கிழிப்பவன் குடும்பம்..."

"ஆகா, அந்தச் சாபங்கள்! வரிசையின் ஆன்மாவே அவைதாம். என் கட்டுரையில் அவற்றுக்கு மூன்று பக்கங்கள் ஒதுக்கியுள்ளேன்."

"ஏழாவது வாசல் எங்க கீது?"

"ஏழாம் நூல், வான வாசல். ஏரிக்கரையில் படிகளற்ற ஒரு கோபுரம். அதன் உச்சியில் நீர். நீரினுள் கதவு. ஆனால் அதை உணர்வதற்கு முன் தாங்கள் வாசிக்க வேண்டிய நூல்களை நான் பரிந்துரைத்தாக..."

கல்பனா வைத்துவிட்டாள். ஏரிக்கரை. படி இல்லாத கோபுரம். மேலே தண்ணீர்.

"மானாம்பதி டேங்கு!" தௌஹீத் வேன் சாவியை எடுத்துக்கொண்டு பாதிப் படியில் இருந்தான். "ஏரியாண்ட பாழடைஞ்சி நிக்குதே, அது. அதுக்கு அந்தாண்ட நெலமெல்லாம் பஞ்சாட்சரம் வாங்கிப் போட்டதுதான்!"

அந்தப் பழைய மேல்நிலைத் தொட்டியைப் பகலிலேயே யாரும் அண்டுவதில்லை. தூண்களில் கம்பி தெரிந்தது. இரும்பு ஏணியின் கீழ்ப்பாதி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சுற்றிலும் ஆள் உயரக் கோரை. மழையில் அது தலையை ஆட்டுவது, யாரோ உள்ளே நடந்துபோவது மாதிரியே இருந்தது.

வேனின் கூரைமேல் ஏறித்தான் ஏணியைப் பிடிக்க முடிந்தது. தௌஹீத் ஏறினான். ஒவ்வொரு படியிலும் ஒரு நபியின் பேரைச் சொன்னான். பாதியில் நின்றான்.

"மேடம்."

"இன்னா?"

"உள்ள தட்டறாங்க."

மூவரும் மூச்சை நிறுத்திக் கேட்டார்கள். டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டொக். சக்தி இல்லாத ஒரு கை சுவரில் மோதுவதுபோல.

"அக்கா!" என்று கார்த்திக் கத்தினான். "அக்கா, நாந்தான்!"

டொக்.

தௌஹீத் மிச்சப் படிகளை ஏறிய வேகத்தில் ஏணி அலறியது. மூடியைத் தோளால் முட்டித் தள்ளினான். உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு கூட்டம் அவன் முகத்தில் வெடித்துச் சிதறியது. அவன் அலறிய அலறலில், கீழே கல்பனா அறியாமல் கார்த்திக்கின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வௌவால்கள். தௌஹீத் ஒரு கையில் தொங்கியபடி உள்ளே டார்ச் அடித்தான்.

"மேடம்... காலி. மழைத்தண்ணில ஒரு பிளாஸ்டிக் கேன் மெதக்குது. அதான் செவுத்துல முட்டிக்கினு கீது."

கார்த்திக் சேற்றிலேயே உட்கார்ந்தான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். கல்பனா குனிந்து கேட்டாள். "திருப்பித் தராதவன் திரும்பி வரமாட்டான்... திரும்பி வரமாட்டான்..."

கல்பனாவுக்குச் சட்டென்று ஏதோ உறுத்தியது.

"தம்பி, அந்தச் சாபத்த நீ கண்ணால பாத்தியா? இல்ல, அக்கா படிச்சதக் கேட்டியா?"

"பாத்தேன் மேடம். ஒவ்வொரு வாசல் ஆரம்பிக்கும்போதும் அக்கா அந்தப் பக்கத்தக் காட்டிட்டுதான் படிக்கும்."

"எய்துனது இன்னா கலரு?"

"ஊதா. கோணலா இருக்கும். ஒரு வாசல்ல இப்பிடி சாஞ்சி இருக்கும், இன்னொண்ணுல அப்பிடி சாஞ்சி இருக்கும்."

"அச்சடிச்சது அப்பிடிச் சாயாது. ரப்பர் ஸ்டாம்புதான் சாயும்." கல்பனா நிமிர்ந்தாள். "பக்கத்த மடிச்சா ஒரு பூதத்துக்கு எதுக்குக் கோவம் வருது? மடிக்கறவன், கிழிக்கறவன், எடுத்துக்கினு போயி திருப்பித் தராதவன்... இது பூதம் குடுத்த சாபம் இல்ல. வாடகை லைப்ரரிக்காரன் குடுத்த சாபம்! சின்னப் புள்ள நீ, கதையோட சேத்து அதையும் நம்பிட்ட."

"அப்ப அந்த ஆளு மூணு பக்கம் எய்துனேன்னாரே?" என்றது மேலிருந்து தௌஹீத்தின் குரல்.

"கதைய அவரு படிச்சிகீறாரு. சாபத்த நான் சொன்னதும், தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு முழுங்கிட்டாரு. நான் கேக்கறது வேற. இவங்க படிச்ச புக்கு, அவரு படிச்ச அதே புக்குதானா?"

தௌஹீத் இறங்கி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. வௌவாலைப் பார்த்தபோதுகூட அப்படி இல்லை.

"மேடம், 'கிழிப்பவன் குடும்பம் கிழியும்'... அது எங்க மாமனார் வாய் மேடம். எங்க நிக்காவுல என்னக் கட்டிப் புடிச்சிக்கினு காதுல அதே டோன்லதான் புத்தி சொன்னாரு. அப்பவே ஓடியிருக்கணும்."

முஸ்தபா வாடகை நூல் நிலையம் இப்போது செல்போன் உறை விற்கும் கடை. ஆனால் முஸ்தபா பாய் இன்னும் நூலகர்தான். உத்திரமேரூருக்குப் படிப்பு வாசனை காட்டியது தானும், தனக்கு முன்னால் கல்வெட்டு வெட்டிய சோழர்களும் மட்டும்தான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

"வா மாப்ள. இன்னா இது, டிச்சில வுயுந்த மாதிரி?"

"மாமா, அரவநாட்டு வரிசைன்னு ஒரு புக்கு..."

"அரவநாடு!" முஸ்தபா கண்ணை மூடிக்கொண்டார். "ஓடுன புக்கும்மா அது! நானே என் கையால ரெண்டு வால்யூமா பைண்டு போட்டேன். காலிகோ துணி, டபுள் தையல். மெட்ராஸ்ல கூட அப்பிடி பைண்டு..."

"எங்க பாய் அது?" என்று கல்பனா குறுக்கே விழுந்தாள்.

"பொக்கிஷம்மா அது. பத்திரமா வெச்சிகீறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி அலிமாவின் குரல் வந்தது. "பிரிஜ்ஜிக்கு அடியில கீது. மழைத்தண்ணி வருதுன்னு முட்டுக் குடுத்தேன்."

தௌஹீத்தும் கார்த்திக்கும் பிரிஜ்ஜைச் சாய்த்துத் தூக்க, கல்பனா இரண்டு தடித்த வால்யூம்களை இழுத்தாள். ஓரம் ஊறியிருந்தது. ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் ஊதா நிறச் சாபம், கோணல்மாணலாக. கார்த்திக் அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். இத்தனைக்குப் பிறகும்.

கல்பனா முதல் வால்யூமிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். வான வாசல் மூன்றாவதாக இருந்தது.

"பாய், இன்னா வரிசையில பைண்டு பண்ணீங்க?"

"இன்னா கேள்வி? மெலிசு மொதல்ல, தடி கடைசில. அப்பதான் தையல் நிக்கும்."

"கதைக்கு வரிசை நம்பர் இல்லியா?"

"நம்பர் அட்டைல இருந்துச்சி. உள்ள வெறும் வாசல் பேருதான். அட்டையக் கிழிச்சாத்தாம்மா பைண்டு ஒக்காரும்."

"கிழிப்பவன் குடும்பம் கிழியும்னு ஸ்டாம்பு யாரு மாமா குத்துனது?" என்றான் தௌஹீத்.

"அது வாடகைக்கு எடுக்கறவனுக்குடா! ஓனருக்கு இன்னா சாபம்?"

"ஏழாவது கதை மூணாவது வந்தா படிக்கறவனுக்குக் கொழம்பாதா பாய்?"

"ஒரு பய கேக்கலியே! அவ்ளோ வருசத்துல ஒரு பய! 'சூப்பரா கீது பாய், ஒண்ணும் புரியல'ன்னுதான் சொன்னானுங்க."

உலகத்துக்கெல்லாம் ஏழாவது வாசல் ஒன்று. உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வேறொன்று. இருப்பதிலேயே தடியான புத்தகம் எதுவோ அது. கல்பனா இரண்டாம் வால்யூமின் கடைசிக் கதையைத் திறந்தாள். 'ஆற்று வாசல்'. கார்த்திக் எட்டிப் பார்த்துத் தானே படித்தான். குரல் வரிக்கு வரி சுருங்கியது.

"'மூன்று ஆறுகள் கூடும் மணலில், கரையைத் தொடாத வட்ட அறை ஒன்று நின்றது. அதற்கு ஒரே கதவு. பூட்டு வெளிப்பக்கம். வெள்ளம் இல்லாத நாளில் அந்த அறை மனிதர்களுடையது. வெள்ளம் வரும் நாளில்...'"

நிறுத்தினான். "இந்த எடத்துலதான் நான் அழுதேன்."

"மூணு ஆறு," என்றாள் கல்பனா. "பாலாறு, செய்யாறு, வேகவதி. திருமுக்கூடல். ஆத்து நடுவுல பழைய பம்ப் ரூம் ஒண்ணு கீதே, வட்டமா, தூண் மேல..."

மதியம் தெருவில் போன ஒலிபெருக்கி மூன்று பேர் காதிலும் ஒரே நேரத்தில் மறுபடி கேட்டது. அணை திறக்கப்பட்டுள்ளதால்...

வேன் பறந்தது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது. வழியில் கல்பனாவின் போன் சிணுங்கியது. ஸ்டேஷனிலிருந்து வந்ததோ என்று பதறி எடுத்தாள். தினேஷ்குமார். 'அரவநாட்டை விரும்புவோர் இவற்றையும் விரும்புவர்' என்று தொடங்கி, திரைக்குக் கீழே நீண்டுகொண்டே போனது.

"படிங்க மேடம், போற வழிக்குப் பொழுது போவும்," என்றான் தௌஹீத். அவன் குரலில் கிண்டல் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "மேடம், இதுவும் தப்பா போச்சின்னா?"

கல்பனா கண்ணாடியில் படிந்த ஆவியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திருமுக்கூடல் கரையில் திருவிழாக் கூட்டம். வெள்ளம் பார்க்க ஜனம் குடையோடும் போனோடும் வந்திருந்தது. காலையில் மணலாகக் கிடந்த இடத்தில் இப்போது காப்பி நிறத்தில் ஒரு கடல் உறுமிக்கொண்டு ஓடியது. நடுவில் அந்தப் பம்ப் ரூம். அதற்குப் போகும் சிமெண்டு நடைபாதை ஏற்கெனவே இடுப்பு ஆழத்தில். இரும்புக் கதவில் பாதிவரை தண்ணீர். ஜன்னல் இருந்தால் அந்தப்பக்கம்தான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் கத்தினாலும் இந்த இரைச்சலில் கரைக்குக் கேட்காது. உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

"அக்கா உள்ள கீதா மேடம்?" கார்த்திக் அவள் முந்தானையைப் பிடித்திருந்தது அவனுக்கே தெரியவில்லை. "சொல்லுங்க மேடம், உள்ள கீதா?"

கல்பனா கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு டெம்போமேல் வெள்ளை வேட்டியில் பஞ்சாட்சரம் நின்றிருந்தார். கையில் மைக். பின்னால் 'வெள்ளத்தை வென்ற வேந்தே' என்று அவர் படத்தோடு பேனர். வெள்ளம் வந்தது இன்று மதியம்தான். பேனர் எப்போது அச்சானது என்பது அந்த வேந்தருக்கே வெளிச்சம். ஆட்கள் பிரெட் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் சேனல்காரன் ஒருவன் படம் பிடித்தான்.

கரையில் இருந்த அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் ஒருவர்தான் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பவே இல்லை. மழைக் குளிரில் அவர் நெற்றியில் மட்டும் வேர்வை.

"உள்ளதான் கீறா," என்றாள் கல்பனா. "காவலுக்கு இருந்த பசங்க தண்ணி வந்ததும் ஓடிட்டானுங்க. இவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல இவரால கதவத் தொறக்க முடியாது. தொறந்தா மாட்டிக்குவாரு. தொறக்கலன்னா... ஆறு பாத்துக்கும்னு நிக்கறாரு."

"கடப்பாறையால ஒடைக்கலாமா?"

"அந்தத் தண்ணில நின்னுக்கினு இரும்புக் கதவயா? சாவி வேணும். ஓடுன பசங்க அத அவருகிட்டதான் குடுத்திருப்பானுங்க."

"கேட்டா குடுப்பாரா?"

"கேட்டா குடுக்க மாட்டாரு. கை தட்டுனா குடுப்பாரு."

தௌஹீத் புரியாமல் பார்ப்பதற்குள் கல்பனா டெம்போமேல் ஏறிவிட்டாள். பஞ்சாட்சரம் நிறுத்தி மூச்சு வாங்கிய நொடியில், மாலை போட வந்தவள் போலக் கும்பிட்டு, மைக்கை வாங்கிக்கொண்டாள். மேடையில் நின்று புகழப்போகிறவருக்கு மைக்கைத் தர மறுத்து அவருக்குப் பழக்கமே இல்லை.

"பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு சந்தோஷமான செய்தி! ஆற்று நடுவுல அதோ தெரியற பம்ப் ரூமுக்குள்ள நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி மாட்டிக்கினு உயிருக்குப் போராடறா! அதைக் கேள்விப்பட்ட நிமிஷமே, நம்ம ஐயா பஞ்சாட்சரம் அவர்கள், அந்தக் கதவோட சாவியைத் தன் கையாலயே கொண்டாந்திருக்கிறார்! கேமரா தம்பி, இந்தப் பக்கம் வாப்பா. ஐயாவுக்கு எல்லாரும் ஜோரா ஒருதடவை..."

கரை அதிர்ந்தது. விசில் பறந்தது. வேடிக்கை பார்க்க மட்டும் வந்த கூட்டத்துக்கு, வேடிக்கைக்குள்ளேயே ஒரு நாயகன் கிடைத்துவிட்டான். அத்தனை போன்களும் ஆற்றிலிருந்து டெம்போவுக்குத் திரும்பின.

"இன்னாமா பேசற நீ?" என்று பஞ்சாட்சரம் உதடு அசையாமல் சீறினார்.

"வாழ்க!" என்றது கூட்டம். "ஐயா வாழ்க! சாவி எங்க, காட்டுங்க ஐயா!"

இத்தனை வருஷமாகக் கைதட்டல் கேட்டால் கும்பிட்டுப் பழகிய உடம்பு அது. யோசிக்கிற மூளைக்கு முன்னால் கை இடுப்புக்குப் போய்விட்டது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சாவி வெளியே வந்து, உயர்ந்து, பளிச்சென்று மின்னியது. ஒரு கணம் அவர் முகத்தில் சிரிப்புகூட வந்தது.

அந்தச் சிரிப்பு மறைவதற்குள் தௌஹீத் எகிறிச் சாவியைப் பிடுங்கியிருந்தான். மீன்பிடிக்கிற ஆட்கள் மூன்று பேர் லாரி டியூபோடும் கயிற்றோடும் முன்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். "எனக்கு நீச்சல் தெரியாது, யாராவது என் வேட்டியையாவது புடிங்கடா!" என்று கத்திக்கொண்டே தௌஹீத்தும் இறங்கினான்.

இடுப்புவரை, மார்புவரை தண்ணீர் ஏற, கயிற்றைப் பிடித்தபடி நான்கு தலைகள் நகர்ந்தன. ஒரு தலை ஒருமுறை முழுகியது. எழுந்தது. வசவு கேட்டதால் அது தௌஹீத் என்று தெரிந்தது. பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. தண்ணீர் அழுத்தியது. மூன்று பேர் தோள் கொடுத்தார்கள். கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாரு தம்பி," என்றாள் கல்பனா. "இந்தத் தடவ மூடாத. பாரு."

கதவு உள்வாங்கியது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து டியூபைப் பற்றியது.

இளமதியைக் கரையில் ஏற்றியபோது அவள் உதடு நீலமாக இருந்தது. மோட்டார் மேடைமேல் ஏறி, கூரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தம்பி அவளைக் கட்டிக்கொண்டு பேச முடியாமல் குலுங்கினான். அவள் அவன் தலையைத் தடவினாளே தவிர, கண்கள் வேறு யாரையோ தேடின.

பஞ்சாட்சரம் அதற்குள் சுதாரித்திருந்தார். எப்படியோ ஆகிவிட்டது, இனி போட்டோவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு சால்வையை விரித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, அவளுக்குப் போர்த்த வந்தார்.

இளமதி சால்வையைக் கையால் தடுத்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அந்தப் பூட்டுக்கு... சாவி... உங்ககிட்ட எப்டி சார் வந்துச்சி?"

கல்பனா அவள் வாயருகே மைக்கைப் பிடித்திருந்தாள். கேள்வி கரைக் கோயிலின் கோபுரம்வரை போய்த் திரும்பி வந்தது.

கைதட்டிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன. பிரெட் பாக்கெட்டை இடுப்பில் செருகியிருந்த கோவிந்தம்மாள் என்ற கிழவி, முன்வரிசையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஆமா, எப்டி வந்துச்சி நைனா?"

"அதானே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எப்டி வந்துச்சி?"

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். மேடையில் ஒருநாளும் வார்த்தைக்குத் தவிக்காத வாய். ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான போன்கள், ஒன்றுகூடத் தாழாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

நேற்றுவரை அந்த வழக்கில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தாள்.